தொன்லே சாப் ஏரியில தண்ணி அளக்க ஆள் தேவை: சயன்டிஸ்ட், டீச்சர், ஸ்டூடண்ட் (முழுசா படிச்சிட்டு கேளுங்க லா)

நீரளவி | வெள்ளி, இரவு 10.47

வணக்கம் எல்லாருக்கும். நான் இங்க எழுதறத விட படிச்சிட்டு போறதுதான் அதிகம். பினாங்குல பாயான் பாரு பக்கம் இருக்கேன், தண்ணி டெஸ்ட் பண்ற லேப்ல வேலை, பத்து வருஷம் ஆச்சி.

விஷயம் என்னன்னா, எனக்கு தெரிஞ்ச ஆராய்ச்சிக் குழு ஒன்னு கம்போடியால தொன்லே சாப் ஏரியிலயும் அதுல இருந்து தலைநகரம் ப்னோம் பென் வரைக்கும் வர்ற ஆத்துலயும் தண்ணி அளக்கறாங்க, அதுக்கு மலேசியால இருந்து கொஞ்சம் பேரு வேணும்னு கேட்டாங்க. நம்ம ஆளுங்க இந்த மாதிரி விஷயத்துக்கு அப்ளை பண்றதே இல்ல, அதான் தமிழ்ல போடறேன்.

சயன்டிஸ்ட்னா பெரிய டாக்டரேட்டு எல்லாம் கேக்கல, லேப்ல கை பழகின ஆளா இருந்தா போதும். டீச்சர் எந்த பள்ளியா இருந்தாலும் சரி. ஸ்டூடண்ட் பாரம் சிக்ஸ்ல (யூனிவர்சிட்டிக்கு முந்தின வகுப்பு) இருந்து மேல, 18 வயசு ஆகியிருக்கணும். சம்பளம் கிடையாது. தங்கறது, சாப்பாடு, படகு அவங்க பாத்துப்பாங்க, பிளேன் டிக்கெட் நம்ம காசு, ஸ்டூடண்ட்டுக்கு மட்டும் டிக்கெட்ல பாதி தராங்க.

ஒரு கண்டிஷன்: ரெண்டு தடவை வரணும். ஜூலை கடைசியில ஒன்னு, நவம்பர் கடைசியில ஒன்னு, ஒவ்வொன்னும் 12 நாள். ஒரு தடவை மட்டும் வர்றேன்னு சொன்னா எடுக்க மாட்டாங்க. ஏன்னு கேட்டா சொல்றேன், பெரிய கதை.

கிள்ளான்_குமாரு | வெள்ளி, இரவு 11.05

கம்போடியா. சம்பளம் இல்ல. டிக்கெட் எடுத்து வா. தங்க இடம் நாங்க தரோம்.

அக்கா தப்பா எடுத்துக்காதீங்க, 2022ல இருந்து எத்தன மலேசியன் பசங்க நல்ல வேலைன்னு நம்பி சிஹானூக்வில் போயி மாட்டிக்கிட்டு போன்ல ஆள ஏமாத்தற வேலை செய்ய வச்சி அடி வாங்கிட்டு வந்தாங்கன்னு பேப்பர்ல பாத்தோம்ல. எங்க தாமான்லயே (குடியிருப்பு) ஒரு பையன் போயி அவங்க அம்மா பட்ட பாடு எனக்கு தெரியும். மோடு (மாடரேட்டர்), இத கொஞ்சம் பாருங்க.

மோடு_2 | வெள்ளி, இரவு 11.31

பாத்துட்டு இருக்கேன். நீரளவி, குழு விவரம் எனக்கு பிஎம்ல (தனி மெசேஜ்) அனுப்புங்க. அது வரைக்கும் யாரும் ஐசி (அடையாள அட்டை) நம்பர், பாஸ்போர்ட் படம் எதுவும் யாருக்கும் அனுப்பாதீங்க.

நீரளவி | சனி, காலை 7.20

குமாரு கேட்டது நியாயம்தான், எனக்கு கோவமே இல்ல. கம்போடியான்னு போட்டா இந்த கேள்வி வரும்னு தெரிஞ்சேதான் போட்டேன். பிஎம் அனுப்பிட்டேன் மோடு.

யாரு போறதா இருந்தாலும், என்கூட இல்ல, வேற எங்க போறதா இருந்தாலும் சரி: ரிட்டர்ன் டிக்கெட்ட நீங்களே உங்க பேருல வாங்குங்க. அங்க உள்ள பல்கலைக்கழகத்துக்கு அவங்க வெப்சைட்ல இருக்க நம்பருக்கு நீங்களே போன் போட்டு கேளுங்க, அனுப்பற ஆளு குடுத்த நம்பருக்கு இல்ல. பாஸ்போர்ட்ட எவன் கையிலயும் குடுக்காதீங்க, ‘பத்திரமா வச்சிக்கறோம்’னு சொன்னா அங்கயே திரும்பிடுங்க. ப்னோம் பென்ல நம்ம தூதரகம் இருக்கு, போறதுக்கு முன்னாடி பேரு பதிஞ்சிடுங்க. மலேசியன்னா 30 நாளு விசா இல்லாம போகலாம், ஆனா அது சுத்திப் பாக்கத்தான், இந்த மாதிரி வேலைக்கு எந்த விசான்னு குழு எழுத்துல குடுக்கணும், வாய் வார்த்தை வேணாம்.

பிறைக்காரன் | சனி, காலை 9.48

ஸ்கேம் இல்லன்னே வச்சிக்குவோம். எனக்கு ஒன்னு புரியல. நான் பிறையில பேக்டரி டெக்னிஷியன், டெய்லி ஜூரு ஆத்துப் பக்கம்தான் போறேன் வர்றேன், ஜன்னல இறக்கினா மூக்க பொத்திக்கணும். நம்ம வீட்டு லோங்காங் (சாக்கடை) நாறுது, அத விட்டுட்டு ரெண்டு மணி நேரம் பிளேன் ஏறி எவன் ஊரு ஏரியிலயோ போயி தண்ணி மோந்து பாக்கணுமா. வெள்ளக்காரன் பசங்க யூனிவர்சிட்டி லீவுல ஆப்பிரிக்கா போயி சின்ன புள்ளைங்கள தூக்கி வச்சி படம் புடிச்சி போடுவானுங்கள்ல, அந்த மாதிரிதான் தெரியுது எனக்கு. சொல்லிட்டேன், திட்டாதீங்க.

செந்தூல்_டீச்சர் | சனி, காலை 11.15

பிறை தம்பி பேசறதுல பாதி உண்மைதான், ஆனா எனக்கு ஆசையா இருக்கு. நான் கேஎல்ல (கோலாலம்பூர்) தமிழ்ப்பள்ளியில அறிவியல் எடுக்கறேன், பதினாலு வருஷமா. ஆறாம் வகுப்புக்கு தண்ணி தூய்மைக்கேடுன்னு ஒரு பாடம் வரும், படம் காட்டி முடிச்சிடுவோம், மஸ்ஜித் ஜாமேக்ல கோம்பாக்கும் கிள்ளான் ஆறும் சேர்ற எடம் எங்க பள்ளியில இருந்து நாலு ஸ்டேஷன் கூட இருக்காது, அங்க ஒரு தடவை கூட்டிட்டு போனேன், பசங்க லைட்டு போட்ட பாலத்த பாத்துட்டு ஐஸ்கிரீம் கேட்டானுங்க.

கேள்வி ரெண்டு. நவம்பர் கடைசின்னா பள்ளி லீவுல விழுமா விழாதான்னு வருஷா வருஷம் மாறுது, வெளிநாடு போறதுன்னா நாங்க மேலிடத்துல அனுமதி வாங்கணும், அதுக்கு கடிதம் கிடைக்குமா? ரெண்டாவது, டீச்சர் அங்க போயி என்னதான் செய்யணும்? டீ ஊத்திக் குடுக்கவா?

யாழினி_ஆயர்ஈத்தாம் | சனி, மதியம் 1.02

அக்கா நான் பாரம் சிக்ஸ், எஸ்டிபிஎம் பரீட்சைக்கு பயோ, கெமிஸ்ட்ரி எடுக்கறேன். எனக்கு போகணும். ஆனா நீச்சல் தெரியாது, அம்மா கிட்ட இன்னும் சொல்லவே இல்ல. படகுல போனா லைப் ஜாக்கெட் குடுப்பாங்களா? நவம்பர்ல எனக்கு எக்ஸாம் வந்தா என்ன பண்றது?

நீரளவி | சனி, மதியம் 3.40

சரி உக்காந்து எழுதறேன், நீளமாத்தான் போகும்.

முதல்ல ஏன் ரெண்டு தடவைன்னு. தொன்லே சாப் ஆறு வருஷத்துல ரெண்டு பக்கமும் ஓடற ஆறு. மழை காலத்துல மீக்கோங் ஆறு பொங்கி வரும்போது தண்ணி ப்னோம் பென்ல இருந்து பின்னாடி தள்ளிக்கிட்டு ஏரிக்குள்ள ஏறும், மழை ஓஞ்ச பிறகு அக்டோபர் நவம்பர் வாக்குல திரும்பி கடல் பக்கம் ஓடும், அத வச்சித்தான் அங்க தண்ணி திருவிழாவே. வறண்ட காலத்துல ஏரி 2,500 சதுர கிலோமீட்டர் இருந்தா நிறையும்போது 15,000 வரைக்கும் போகுது, நம்ம பினாங்கு தீவு 300க்கு கொஞ்சம் கீழதான், கணக்கு பண்ணிக்குங்க. காடே தண்ணிக்குள்ள போயிடும், மீன் அந்த காட்டுக்குள்ளதான் தீனி தின்னு வளரும். ஏறும்போது அளந்தா ஒரு கதை, இறங்கும்போது அளந்தா வேற கதை. ஒரு தடவை வந்து அளந்துட்டு போறவன் கையில பாதி கதைதான் இருக்கும்.

இப்ப என் சொந்த கதை. சில வருஷத்துக்கு முன்னாடி நானும் பிறைக்காரன் சொன்ன மாதிரி ஒரு ட்ரிப்புக்குத்தான் போனேன், வேற நாடு, வேற ஆறு, பேரு சொல்ல மாட்டேன். ‘நதியை காப்பாத்துங்க’ன்னு விளம்பரம், நான் கட்டினது 6,000 வெள்ளி (ரிங்கிட்). எட்டு நாளு. காலையில யோகா, பத்து மணிக்கு பஸ்ஸு, சாப்பிட்டுட்டு மதியம் ரெண்டு மணிக்கு ஆத்துல இறங்குவோம். ஆக்சிஜன் மீட்டர் விட்டா 8க்கு மேல காட்டும், எல்லாரும் கை தட்டுவாங்க, ஆரோக்கியமான ஆறுன்னு. எனக்கு வயித்த கலக்குச்சி. ஏன்னா தண்ணி பச்சையா இருக்கு, பாசி நிறைய, மதியம் ரெண்டு மணிக்கு வெயில்ல பாசி ஆக்சிஜன கக்கிட்டு இருக்கும், அந்த நேரத்துல பாசி புடிச்ச சாக்கடை கூட நல்ல நம்பரு காட்டும். 30 டிகிரி தண்ணி சாதாரணமா புடிச்சி வைக்கறதே லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் பக்கம்தான், 8க்கு மேல போனா சந்தேகப்படணும். ராத்திரி முழுக்க அதே பாசி மூச்சு வாங்கி ஆக்சிஜன திங்கும், விடியக்காலம் அஞ்சரை ஆறுக்கு போயி அளந்தாதான் மீனு என்ன பாடு படுதுன்னு தெரியும். நான் காலையில போலாம்னு கேட்டேன், ‘வாலண்டியர்ஸ் லீவுல வந்திருக்காங்க’ன்னு சொன்னாங்க. பிஎச் மீட்டர (புளிப்பு காரம் அளக்கறது) பபர் தண்ணியில, அதாவது பிஎச் முன்கூட்டியே தெரிஞ்ச தண்ணியில வச்சி ஒரு தடவை கூட சரி பாக்கல, பாட்டில் சீலு பிரியவே இல்ல. அந்த நம்பரெல்லாம் எங்க போச்சின்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு தெரியாது, அந்த ஊருக்காரங்களுக்கும் குடுத்ததா தெரியல. எனக்கு ஒரு டீ ஷர்ட் மிச்சம்.

அதனால பிறைக்காரன் அண்ணே, உங்க சந்தேகம் எனக்கும் இருந்துச்சி. இந்த குழுவ ஒத்துக்கிட்டது ஏன்னா, நான் போன தடவை அங்க போனப்ப விடியக்காலம் நாலு மணிக்கு எழுப்பி விட்டாங்க.

கம்பொங் க்ளியாங்னு ஒரு ஊரு, ஏரி ஓரம், வீடெல்லாம் தென்ன மரம் உயரத்துக்கு கட்டை மேல நிக்கும், தண்ணி ஏறினா வாசப்படி வரைக்கும் படகு வரும். (கம்பொங்னா அவங்க பாஷையில படகுத்துறை, நம்ம ஊரு கம்போங் மாதிரியே கேக்குது.) அங்க இருட்டுல படகுல உக்காந்துக்கிட்டு நான் ஆக்சிஜன் பாட்டில் புடிச்சேன். 300 மில்லி கண்ணாடி பாட்டில், தண்ணிக்கு அடியிலயே வச்சி மெதுவா நிரப்பி, அடியிலயே மூடி போடணும், உள்ள ஒரு குமிழி கூட நிக்கக் கூடாது, குமிழி இருந்தா காத்துல உள்ள ஆக்சிஜன் சேந்து நம்பரு பொய்யாகிடும். அப்புறம் மாங்கனீஸ் சல்பேட் ஒரு மில்லி ரெண்டு மில்லி, மேல ஆல்கலி அயோடைடு, மூடி தலைகீழா ஆட்டினா உள்ள மேகம் மாதிரி திரளும். ஆக்சிஜன் இருந்தா அது பழுப்பு, தே தாரிக் (பால் டீ) கலரு. இல்லன்னா வெள்ளையாவே நிக்கும். ஏரி நடுவுல எடுத்தது தே தாரிக். காட்டுக்குள்ள, இலை இலையா அழுகற எடத்துல எடுத்தது வெள்ளை. பால் மாதிரி. டார்ச் லைட்டுல அத பாத்துட்டு படகுக்காரரு தலைய ஆட்டினாரு, அவருக்கு முன்னாடியே தெரியும், அங்க அந்த மாசத்துல மேல வந்து மூச்சு விடற மீனு மட்டும்தான் வலையில விழுமாம். விரால் கெளுத்தி ஜாதி.

டீச்சரக்கா, உங்களுக்கு டீ ஊத்தற வேலை இல்ல. சயன்டிஸ்ட் வருவான் போவான். வருஷம் பூரா அந்த எடத்துல அளக்கப் போறது அந்த ஊரு பள்ளிக்கூடத்து டீச்சரும் பசங்களும்தான். அவங்களுக்கு எப்படி சொல்லித் தர்றது, புள்ளைங்க கையில பாட்டில் குடுத்தா எங்க தப்பு பண்ணும், அது லேப்காரி எனக்கு தெரியாது. நான் சொல்லிக் குடுத்தா மூணாவது நிமிஷம் தூங்கிடுவாங்க. உண்மையில எங்களுக்கு ரொம்ப வேண்டியது டீச்சருங்கதான், வர மாட்டேங்கறதும் அவங்கதான். கடிதம் கண்டிப்பா வாங்கித் தரேன்.

யாழினி, லைப் ஜாக்கெட் இல்லாம படகுல ஏத்தவே மாட்டாங்க. நவம்பர்ல எக்ஸாம்னா இந்த வருஷம் வேணாம்மா, அடுத்த வருஷம் பாப்போம். அம்மா கிட்ட முதல்ல சொல்லு.

பால்மரம்_அங்கள் | சனி, மாலை 5.26

நல்லா எழுதியிருக்கே தங்கச்சி. நான் ரிட்டையர் ஆனவன், நிபோங் திபால்ல இருக்கேன், முப்பது வருஷம் செம்பனை ஆலை லேப்ல பிஓடி (தண்ணியில உள்ள அழுக்க கிருமி திங்க எவ்வளவு ஆக்சிஜன் வேணும்ங்கற அளவு) பாத்து கை வெந்தவன். ஆலையில இருந்து வர்ற கழிவு தண்ணி சுத்தம் பண்றதுக்கு முன்னாடி பிஓடி லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் கிட்ட இருக்கும், ஆத்துல விடும்போது 100க்குள்ள இருக்கணும்னு சட்டம். நாங்க 30 டிகிரியில மூணு நாளு வச்சி பாப்போம், வெளியில மத்த எடத்துல 20 டிகிரி அஞ்சி நாளு. நம்ம ஊரு வெயிலுக்கு மூணு நாளு போதும்னு வச்சது அது. புதுசா வர்ற டிகிரி பசங்க அஞ்சி நாளுன்னு அடிச்சி சொல்வானுங்க, புக்குல அப்படித்தான் இருக்கு, ரெண்டு நம்பரையும் ஒன்னா பக்கத்துல வச்சி கிராப் போடுவானுங்க, நான் தலையில அடிச்சிக்குவேன். முறை வேறன்னா நம்பரு வேற ஜாதி, கல்யாணம் பண்ணி வைக்கக் கூடாது.

அது கிடக்கட்டும். அங்க என்ன முறையில அளக்கறீங்க? ஒவ்வொரு நாட்டு ஆளும் அவன் அவன் கிட்ட எடுத்துட்டு வந்தா குப்பைதான் மிஞ்சும்.

நீரளவி | சனி, மாலை 6.58

அங்கள் சரியான எடத்துல கை வச்சிட்டீங்க. கிட் எல்லாம் அங்கயே இருக்கு, எல்லாரும் ஒரே முறை. நாம ஆசிட் பாட்டில் ரியேஜென்ட் எதுவும் பிளேன்ல தூக்கிட்டு போகவும் முடியாது, போகவும் கூடாது. சேம்பிள் தண்ணிய இங்க எடுத்துட்டு வர்றதும் கிடையாது, அங்க லேப்லயே பாத்துடுவாங்க.

ஒரே முறைன்னு சொன்னதும் ஞாபகம் வருது. வடக்க ஆர்க்டிக் பக்கம் ஓடற பெரிய ஆறுங்க 6 இருக்கு, ஓப், யெனிசேய், லேனா, கொலிமா, யூக்கான், மெக்கன்சி, நாலு ரஷ்யாவுல. 2003ல இருந்து இந்த 6 ஆத்துலயும் ஒரே மாதிரி பாட்டில், ஒரே மாதிரி பில்டர் வச்சி தண்ணி எடுத்துட்டு வந்தாங்க. லேனா ஓரம் ஜிகான்ஸ்க்னு ஒரு ஊருல ஸ்கூல் பசங்களும் தண்ணி எடுத்தாங்க, சைபீரியா குளிர்ல. மீக்கோங்லயும் அப்படித்தான், 1985ல இருந்தே தண்ணி தரம் பாக்கற வலையமைப்பு இருக்கு, இப்ப நாலு நாட்டுல 48 எடம். மீக்கோங் ஆணையம்னு 1995ல கம்போடியா, லாவோஸ், தாய்லாந்து, வியட்நாம் சேந்து கையெழுத்து போட்டாங்களே, அவங்கதான் நடத்தறாங்க. சீனாவும் மியன்மாரும் அதுல உறுப்பினர் இல்ல, பேச்சுக்கு மட்டும் வருவாங்க. எங்க குழு பாக்கறது அந்த 48க்கு நடுவுல உள்ள சந்து பொந்து.

பிறைக்காரன் | சனி, இரவு 8.33

மேல இருக்கவன் கையெழுத்து போடலன்னா கீழ இருக்கவன் அளந்து என்னா புண்ணியம்?

நம்ம கதையும் அதானே. பினாங்கு குடிக்கறது முக்காவாசிக்கு மேல சுங்கை மூடா (மூடா ஆறு) தண்ணி, அது கெடாவுல இருந்து வருது, கெடா வருஷத்துக்கு 50 மில்லியன் வெள்ளி குடுன்னு கேட்டுச்சி, பினாங்கு ‘ஆறு எங்க எல்லையிலயும் ஓடுது’ன்னு சொல்லி தர மாட்டேங்குது. ஒரே நாட்டுக்குள்ளயே இந்த லட்சணம். சீனாக்காரன் அணைய நீங்க பாட்டில வச்சி தடுத்துடுவீங்களா?

நீரளவி | சனி, இரவு 9.50

தடுக்க முடியாது அண்ணே. ஆனா 2019 கதைய கேளுங்க. அந்த ஜூலையில மீக்கோங் 100 வருஷத்துல பாக்காத அளவுக்கு இறங்கிடுச்சி. ஒருத்தன் மழை இல்லங்கறான், ஒருத்தன் மேல அணையில புடிச்சி வச்சிட்டாங்கறான், லாவோஸ்ல சாயாபுரி அணை வேற அக்டோபர்ல ஓட ஆரம்பிச்சது. வருஷக் கடைசியில தாய்லாந்து பக்கம் ஆறு நீலக் கலரா மாறிடுச்சி. டூரிஸ்ட் எல்லாம் அழகா இருக்குன்னு படம் புடிச்சான். தேத்தண்ணி கலர்ல ஓட வேண்டிய ஆறு நீலமாச்சின்னா அதுல வண்டல் இல்லன்னு அர்த்தம், மண்ணெல்லாம் மேல எங்கயோ நின்னு போச்சி, வண்டல் இல்லாத தண்ணி பசியா ஓடும், கரையத் தின்னும். அன்னிக்கு ‘எப்பவும் இப்படித்தான்’னு யாரும் சொல்லி தப்பிக்க முடியல, ஏன்னா பழைய வருஷத்து நம்பரு, தண்ணி மட்டம், கலங்கல், எல்லாம் எழுதி வச்சிருந்தாங்க.

நம்ம ஊரு கதையோ தலைகீழ்: ஜொகூர்ல கிம் கிம் ஆத்துல 2019 மார்ச்ல ரசாயனம் கொட்டினப்ப பாசிர் கூடாங்ல 111 பள்ளிக்கூடத்த மூடினாங்க, ஞாபகம் இருக்கா? பசங்க மயங்கி விழுந்த பிறகுதான் ஊருக்கே அந்த ஆத்தோட பேரு தெரியும்.

நர்ஸ்_கலா | சனி, இரவு 10.41

நடுவுல வர்றேன் மன்னிச்சிக்குங்க, உங்க அரசியல் முடியட்டும். ஆத்துல இறங்கற யாரா இருந்தாலும், கம்போடியான்னு இல்ல நம்ம லோங்காங்கா இருந்தாலும், எலி மூத்திர காய்ச்சல் இருக்கு, கென்சிங் திக்குஸ்னு சொல்வோமே அதான். கால்ல சின்ன வெட்டு இருந்தா போதும் உள்ள போயிடும். பூட்ஸ் போடுங்க, காயத்துல தண்ணி படாத பிளாஸ்டர் ஒட்டுங்க, வந்து ரெண்டு மூணு வாரத்துக்குள்ள காய்ச்சலோட கெண்டைக்கால் சதை வலி, கண்ணு செவப்புன்னா கிளினிக்ல ‘ஆத்துல இறங்கினேன்’னு வாய தொறந்து சொல்லுங்க, நீங்க சொல்லலன்னா டாக்டர் டெங்கின்னு நெனப்பாரு.

மீக்கோங் மேல் பக்கம் போனா, கிராத்தி, ஸ்துங் த்ரெங் பக்கம், நத்தை வழியா தோல்ல நுழையற ஒரு ஒட்டுண்ணி இருக்கு, அங்க வெறுங்காலோட தண்ணியில நிக்கவே நிக்காதீங்க. நாய்க்கடிக்கும் முன்கூட்டி ஊசி இருக்கு, ட்ராவல் கிளினிக்ல கேளுங்க, அங்க வெறிநாய் அதிகம். கண்ணிவெடி இன்னும் எடுத்து முடிக்காத நாடு அது, பாதை விட்டு புதருக்குள்ள ஒன்னுக்கு போறேன்னு இறங்காதீங்க.

கிள்ளான்_குமாரு | சனி, இரவு 10.55

மிஸ்ஸி இத படிச்சிட்டு யாரு போவா 😂

மோடு_2 | ஞாயிறு, காலை 8.10

குழுவ பத்தி விசாரிச்சிட்டேன், அங்க உள்ள பல்கலைக்கழகத்துக்கே போன் போட்டேன், உண்மைதான். இழை தொடரலாம். இருந்தாலும் ஒவ்வொருத்தரும் நீங்களே ஒரு தடவை விசாரிங்க.

செந்தூல்_டீச்சர் | ஞாயிறு, காலை 10.22

நான் ரெடி. எங்க வீட்டுக்காரரு ‘தண்ணிய பாக்க தண்ணி மேல போறியா’ன்னு கிண்டல் பண்றாரு, பண்ணட்டும். அங்க என்ன பாஷையில பேசறது? எனக்கு கெமெர் ஒரு வார்த்தை தெரியாது.

நீரளவி | ஞாயிறு, காலை 11.09

அக்கா உங்க மலாய் உதவும்! மீக்கோங் ஓரம் சாம் மக்கள் இருக்காங்க, முஸ்லிம்கள், கிளந்தானோட பழைய தொடர்பு, அவங்கள்ல சில பேரு மலாய் பேசுவாங்க. டீச்சருங்களுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வரும். அதோட குளுகோர்ல ரெக்சாம் இருக்குல்ல, அறிவியல் கணக்கு டீச்சருங்களுக்கு பயிற்சி குடுக்கற எடம், அங்க கம்போடியா லாவோஸ் டீச்சருங்களும் வந்து படிச்சிட்டு போறாங்க, நம்ம ஊரு நாசி கண்டார் சாப்பிட்டவங்க யாராவது அந்தப் பக்கம் இருந்தா உங்க பாடு சுலபம். டாலர் நோட்டு எடுத்துட்டு போனா ஓரம் கிழியாததா பாத்து எடுங்க, கிழிஞ்சத ஒருத்தரும் வாங்க மாட்டாங்க.

சரி, இதுவரைக்கும் பிஎம்ல 23 பேரு பேரு குடுத்திருக்கீங்க. எடம் எட்டுதான். இன்டர்வியூ எல்லாம் வைக்கப் போறதில்ல. இத செய்ங்க: உங்க வீட்டுக்கிட்ட ஒரு ஆறு, இல்லன்னா பெரிய லோங்காங், ஒரே எடத்துல, மூணு ஞாயித்துக்கிழமை, காலையில ஏழு மணிக்கு நிக்கணும். கலரு, வாடை, தண்ணி சூடு. ஐஸ்கிரீம் டப்பா மூடியில கறுப்பு வெள்ளையா நாலு கட்டம் அடிச்சி, நடுவுல நட்டு கட்டி கயித்துல இறக்குங்க, எத்தன சென்டிமீட்டர்ல மறையுதுன்னு எழுதுங்க. 1865ல செக்கின்னு ஒரு இத்தாலி பாதிரியாரு இப்படி வெள்ளைத் தட்ட இறக்கிப் பாத்தாரு, கறுப்பு வெள்ளை கட்டம் பின்னாடி வந்தது, முறை இன்னிக்கும் அதான். வேகத்துக்கு ஒரு ஆரஞ்சுப் பழம், பத்து மீட்டர் போக எத்தன செகண்டு. பென்சில்ல எழுதுங்க, பேனா மழையில கரைஞ்சிடும். தப்பா எழுதினா ரப்பர் போடாம ஒரு கோடு அடிச்சி பக்கத்துல எழுதுங்க. கரையில நின்னே செய்ங்க, மழை பேஞ்சி தண்ணி ஏறுதுன்னா கிட்டவே போகாதீங்க, ‘போகல’ன்னு எழுதுங்க. நோட்டு பக்கத்த படம் புடிச்சி இங்க போடுங்க.

பிறைக்காரன் | ஞாயிறு, மதியம் 12.01

நான் பேரே குடுக்கல. ஆனா இத சும்மா செஞ்சி பாக்கலாமா?

நீரளவி | ஞாயிறு, மதியம் 12.04

தாராளமா. 😊

பிறைக்காரன் | அடுத்த ஞாயிறு, காலை 7.41

எங்க தாமான் பின்னாடி. கலரு கறுப்பு. வாடை முட்ட அழுகின வாடை. சூடு 28. ஆரஞ்சு 10 மீட்டர் போக 71 செகண்டு, நடுவுல பாலித்தீன் பையில மாட்டி நின்னுச்சி, குச்சியால தள்ளி விட்டேன், அந்த நேரத்த கழிக்கணுமா? தட்டு 18 சென்டிமீட்டர்ல மறைஞ்சிடுச்சி. ரோட்டுல போற சீன அங்கிள் ஒருத்தரு மீனு புடிக்கறியான்னு கேட்டாரு.

நீரளவி | அதே நாள், காலை 8.15

கழிக்காதீங்க, தள்ளி விட்டீங்கன்னா அந்த ஓட்டம் செல்லாது, மறுபடி விடணும். முட்ட வாடைன்னா அடியில ஆக்சிஜன் தீந்து போயி சல்பைடு வருதுன்னு அர்த்தம். அத அப்படியே எழுதுங்க.

செந்தூல்_டீச்சர் | அதே நாள், காலை 9.30

எனக்கு தட்டு மறையவே இல்ல, 40 சென்டிமீட்டர்ல தரையில முட்டிடுச்சி. 40ன்னு எழுதவா?

நீரளவி | அதே நாள், காலை 9.34

40ன்னு எழுதினா 40ல மறைஞ்சிடுச்சின்னு படிப்பாங்க. ‘அடி வரைக்கும் தெரியுது, ஆழம் 40’ன்னு எழுதுங்க அக்கா.

பால்மரம்_அங்கள் | அதே நாள், காலை 10.02

எனக்கு வயசு 68, எடுப்பீங்களான்னு கேக்காமலே நானும் போயிட்டு வந்தேன். தட்டு 55. வாடை இல்ல. கரையோரம் கல்ல பெரட்டினேன், செவப்பு புழு மட்டும் இருந்துச்சி, ரத்தப்புழு. அது ரத்தத்துல ஹீமோகுளோபின் இருக்கறதால காத்து கொறைஞ்ச எடத்துலயும் பொழைக்கும். 55 சென்டிமீட்டர் தெரியுதேன்னு ஏமாறாதீங்க.

நீரளவி | அதே நாள், காலை 10.06

அங்கள் வயசுக்கு கணக்கு இல்ல. டாக்டர் கிட்ட ஓகே வாங்குங்க, பேர எழுதிக்கறேன்.

பிறைக்காரன் | மூணாவது ஞாயிறு, காலை 9.20

போன வாரம் நைட் ஷிப்ட் முடிஞ்சி தூங்கிட்டேன், ஒன்பது மணிக்குதான் போனேன், அத 9ன்னே எழுதியிருக்கேன். இன்னிக்கு 7.05. தட்டு 22. பாலித்தீன் பைய நானே எடுத்துட்டேன், ஆரஞ்சு 38 செகண்டு. அப்புறம், பேரு குடுக்க இன்னும் எடம் இருக்கா? கேட்டு வைக்கறேன், அவ்வளவுதான்.

நீரளவி | அதே நாள், காலை 9.26

ஒன்னு இருக்கு. ஷிப்ட் லீவு கிடைக்குமான்னு பாத்துட்டு சொல்லுங்க, ரெண்டு தடவைக்கும்.

யாழினி_ஆயர்ஈத்தாம் | அதே நாள், காலை 9.58

அக்கா அம்மா கிட்ட சொல்லிட்டேன், அடுத்த வருஷம்னா சரின்னு சொன்னாங்க. ஆனா மூணு வாரமும் நான் போனேன். சூடு 25, வாடை இல்ல, அடி வரைக்கும் தெரியுது, ஆழம் 60. ஆனா ஆரஞ்சு ஆறு மீட்டர் போகறதுக்குள்ள ஒரு குரங்கு இறங்கி வந்து எடுத்துட்டு ஓடிடுச்சி. 12 செகண்டு ஆகியிருந்துச்சி. இன்னொரு ஆரஞ்சு கொண்டு போகல. என்ன எழுதறது?

நீரளவி | அதே நாள், காலை 10.01

‘6 மீட்டர், 12 செகண்டு’ன்னு எழுது. பக்கத்துல ‘குரங்கு’ன்னு போடு.